அவள் நிரப்பிவிட்டுப் போன பெட்ரோல்

வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்ப்பது என் தொழில். மரியாதையாகச் சொன்னால் புகைப் பரிசோதனை மையம். அமரவிளையில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தகரக் கூரை, அதற்கடியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, புகை அளக்கும் மெஷின், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் நான். மெஷினிலிருந்து நீளமாக ஒரு குழாய் வரும். அதன் முனையை வண்டியின் சைலன்சருக்குள் செருகினால், வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று திரையில் எண்ணாக ஓடும்.

என் மனைவி நர்ஸ். கல்யாணமான புதிதில் ஒருநாள் கடைக்கு வந்து நான் குழாய் செருகுவதையும் எடுப்பதையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "கேட்டியளா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலையாக்கும். எனக்க பேஷண்ட் கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கியவன். காலேஜில் பாடம் எடுப்பேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன், காலேஜ்காரர்கள் மட்டும் நம்பவில்லை. கார்பனுக்கு நாலு கை உண்டு என்று பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த நாலு கையில் ஒன்றுகூட எனக்கு ஒரு வேலை எடுத்துத் தரவில்லை. கடைசியில் அதே கார்பன் சைலன்சர் வழியாக வந்து சோறு போடுகிறது.

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான். போன கிறிஸ்துமஸ் மாத நடுவில் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். காஞ்சிரங்குளத்துக்காரர்.

"பொல்யூஷன் எடுக்கணும் சாறே. எனக்க வண்டி புகையே விடாது. கண்ணால பாருங்க, வல்லதும் தெரியுதா?"

"கண்ணுக்குத் தெரியாததத்தான் அண்ணே இந்த மெஷின் பாக்குது."

"கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான் ஞாயித்துக்கிழமை தோறும் சர்ச்சுக்குப் போறேனே. அது போதாதா?"

மெஷினுக்கு அது போதவில்லை. கார்பன் மோனாக்சைடு எகிறி நின்றது. அவருக்கு விளக்கினேன். விளக்குவது எனக்கு ஒரு வியாதி, கிடைக்காமல் போன காலேஜ் வேலையின் பக்க விளைவு. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கைகோத்து நிற்கிற ஒரு கூட்டம். எரியும்போது கைகள் விட்டுப்போகும். தேவைக்குக் காற்று கிடைத்தால் கார்பன் ஒவ்வொன்றும் இரண்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கார்பன் டையாக்சைடாகப் போய்விடும், ஹைட்ரஜன் தண்ணீராகிவிடும். காற்று போதாவிட்டால் கார்பனுக்கு ஒரு ஆக்சிஜன்தான் கிடைக்கும். அதுதான் விஷம். சிலதுக்கு அதுவும் கிடைக்காது, எரியாமலே வெளியே வந்துவிடும்.

"அதாவது, பாதி வெந்த சோறு" என்றார் அவர்.

"அதேதான்."

"எனக்க வீட்டில டெய்லி அதுதான். அதுக்கு யாரும் ஃபெயில் போடலியே."

ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு வரச்சொல்லி அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் போன் அடித்தது. இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போயிருந்த என் மனைவி.

"லீவு கிடைச்சு" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு வாறேன்."

அவள் போய் மூன்று கிறிஸ்துமஸ் கழிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கூட வேலைபார்க்கும் யாருக்காவது காய்ச்சல் வந்து, யாராவது வேலையை விட்டுப் போய், அவளுடைய லீவுதான் முதலில் வெட்டுப்படும். இதற்குள் நான் வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவளுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு உண்டு என்பதையே மறந்துபோகும் நிலையில் இருந்தேன். "ஓ" என்றேன்.

"ஓவா? மூணு வருஷம் கழிச்சு வாறேன், ஓவா?"

"இல்லட்டி, நெட்வொர்க்."

"செரி, ஒண்ணு கேளுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். கோழி வேண்டாம், மீன் வேண்டாம், சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் நீங்களே போயிக்கோங்க. வந்த சனிக்கிழமை எனக்க ஸ்கூட்டரில பார்டருக்குப் போகணும். முன்ன மாதிரி. நான்தான் ஓட்டுவேன். வண்டி ஓடும் இல்லியா?"

"பின்ன ஓடாதா? டெய்லி ஸ்டார்ட் பண்ணுறேனே."

இந்த இடத்தில் வாசகருக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, பார்டர். இன்னொன்று, அந்த ஸ்கூட்டரை அவள் போன நாளிலிருந்து நான் ஒருதடவைகூட ஸ்டார்ட் செய்யவில்லை.

முதலில் பார்டர். பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகப் போனால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். தொடங்கியது தெரியவே தெரியாது. ரப்பர் மரம் அப்படியே இருக்கும், சாயாக்கடை அப்படியே இருக்கும், கடைப்பலகையில் எழுத்து மட்டும் மாறும். இன்னொன்றும் மாறும். பெட்ரோல் விலை. அந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் குறைவு. ஆகவே எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டு வாசலிலேயே பம்ப் இருந்தாலும் அங்கே அடிக்கமாட்டோம். களியக்காவிளை வரைக்கும் போய் அடித்தால்தான் வண்டிக்கு ஒட்டும். போக வர எரிகிற பெட்ரோலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் இந்தப் பழக்கம் என்றைக்கோ நின்றிருக்கும்.

எங்கள் கல்யாணம் பேசி முடித்தது. பேசி முடித்தவர்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவள் சாவியைக் கையில் எடுத்து, "பெட்ரோல் அடிக்கப் போறேன், வாறீங்களா?" என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் அதுதான் எங்கள் ஊர்சுற்றல். அவள் ஓட்டுவாள், நான் பின்னால். ஊரில் சிரித்தார்கள். சர்ச்சில் ஒருவர், "ஏம் மக்கா, உனக்கு லைசன்ஸ் இல்லியா?" என்று அக்கறையாகக் கேட்டார். "உண்டு. ஆனா பின்னால இருந்தா கட்டிப் பிடிச்சுக்கலாமே" என்று சொன்னேன். அதோடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பம்பில் டேங்க் மூடியைத் திறந்ததும் அவள் குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பாள். அவளுக்கு அந்த மணம் பிடிக்கும். பென்சீன் இருக்கிறது, மோக்காதே என்று நான் பாடம் எடுப்பேன். "ஒரு நிமிஷம் மோந்தா செத்துப்போக மாட்டேன். நான் நர்ஸாக்கும்" என்பாள். பிறகு எதிரிலுள்ள கடையில் ஆளுக்கொரு சாயா, இரண்டு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. பெட்ரோலில் மிச்சம் பிடித்தது பழம்பொரியில் போய்விடும். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. நாங்கள் அந்தப் பழம்பொரிக்காகத்தான் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்வந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி ஸ்கூட்டர். அவள் இங்கிலாந்துக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அது போர்ச்சில் நின்றது. டேங்க் நிறைய பெட்ரோல். முள் மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்காக அவள் தனியாகப் பார்டர் வரை போய் நிரப்பிவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். அவள் போனபிறகு அந்த வண்டியை ஓட்டினால் பெட்ரோல் தீரும், தீர்ந்தால் நானே அடிக்கவேண்டும், அப்புறம் டேங்கில் இருப்பது அவள் அடித்தது ஆகாது. ஆகவே ஓட்டவில்லை. எனக்கென்று ஒரு பைக் இருந்தது, அதில் போய்வந்தேன். ஸ்கூட்டர்மேல் அவளுடைய பழைய பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தினேன். வாரத்துக்கு ஒருதடவை, சனிக்கிழமை சாயங்காலம், பெட்ஷீட்டை விலக்கி, சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, அவள் செய்கிற மாதிரி குனிந்து மோந்து பார்ப்பேன். மூடுவேன்.

கெமிஸ்ட்ரி படித்தவன் செய்கிற காரியமா இது? பெட்ரோல் ஒரு பொருள் அல்ல, ஒரு கூட்டம் என்று சொன்னேனே. ஐந்து கார்பன் உள்ள ஒல்லிப்பிச்சான் முதல் பன்னிரண்டு கார்பன் உள்ள தடியன் வரை அதில் உண்டு. நெரிசலான பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியானவர்கள் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு நிற்பார்கள், கதவு திறந்தால் போதும், ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே குதித்துவிடுவார்கள். தடியன்கள் சீட்டை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். மூக்கில் வந்து சுருக்கென்று ஏறும் மணம் பெரும்பாலும் குதித்து ஓடுகிறவர்களுடையது. வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆவதும் அவர்களால்தான். நான் வாராவாரம் மூடியைத் திறந்து மோந்தேன். மோக்க மோக்க, நான் மோந்துகொண்டிருந்ததுதான் வெளியே போய்க்கொண்டிருந்தது. வருஷம் போகப்போக மணம் குறைந்தது. என் மூக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன். இஞ்சி தட்டிப்போட்டு ஆவிகூடப் பிடித்தேன்.

போன் வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போய் பெட்ஷீட்டை உருவிவிட்டு ஸ்கூட்டரைக் கிக் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் கிக் செய்தேன். தும்மல் வரப்போகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் பதில் சொன்னது. கால் முட்டி வலித்தது. அவள் வர ஒரு வாரம்தான் இருந்தது.

உதியன்குளங்கரையில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனேன். தூரத்திலிருந்து பார்த்ததுமே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"எலே மக்கா, ஊரான் வண்டிக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுக்கிறவன் வண்டியத் தள்ளிட்டு வாறான் பாருங்கலே!"

"சின்ன ஸ்டார்டிங் டிரபிள்."

அவன் டியூபைக் கழற்றி டேங்கிலிருந்ததை ஒரு கண்ணாடிக் குடுவையில் இறக்கினான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் குடுவையைப் பார்த்தான்.

"லேய், இது பெட்ரோலா, கட்டன் சாயாவா?"

நிஜமாகவே பால் விடாத கட்டன் சாயா நிறம். மேலே பழுப்பாக ஒரு அடுக்கு, அடியில் கலங்கலாக இன்னொரு அடுக்கு. இப்போதெல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலந்துதானே வருகிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. எங்கள் ஊர் மழைக்காலத்து ஈரக்காற்றை மூன்று வருஷம், அதுவும் நான் வாராவாரம் மூடியைத் திறந்து உள்ளே விட்ட காற்றை, குடித்துக் குடித்து அது தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனிக்குடித்தனம் போய்விட்டது. கார்புரேட்டரைத் திறந்தால் இன்னும் மோசம். உள்ளே பலாச் சக்கையின் பிசின் மாதிரி ஒரு ஒட்டல். மிச்சமிருந்த ஹைட்ரோகார்பன்களில் சிலது காற்றிலிருந்த ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, எங்கேயும் போகாமல் கெட்டியாகிவிட்டிருந்தது. பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஓட்டை அடைபட்டுக் கண்ணிலேயே படவில்லை.

"எப்ப அடிச்ச பெட்ரோல்?"

"மூணு வருஷம்."

"மாத்தவே இல்லியா? ஏம்லே?"

"அவ அடிச்சதுலே."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"நீ கெமிஸ்ட்ரிதானே படிச்ச?"

"ஆமா."

"பாஸ் ஆனியா?"

ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிப்போய்விட்டன, திருவனந்தபுரத்திலிருந்து சாமான் வரணும், சனிக்கிழமைக்குள் கிடைக்குமா தெரியாது என்றான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எலே, புது வண்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தா அவ சந்தோஷப்படுவாளே" என்றான். சந்தோஷப்படுவாள்தான். ஆனால் அவள் கேட்டது முன்ன மாதிரி என்று. முன்ன மாதிரி என்பது எந்த ஷோரூமில் கிடைக்கும்? மூன்று வருஷத்தில் நாங்களும் அந்தக் கார்புரேட்டர் மாதிரி ஆகியிருந்தால்? அவள் வந்து நிற்கும்போது, கிக் அடித்தும் ஒன்றும் பற்றிக்கொள்ளாமல் போனால்? இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அதுக்கெல்லாம் எனக்கிட்ட ஸ்பேர் கிடையாது" என்றிருப்பான்.

குடுவையிலிருந்ததை அவன் கொட்டப்போனான்.

"நில்லுலே. ஒரு குப்பியில தா."

"இது எதுக்கு?"

"சும்மா தா."

தலையில் அடித்துக்கொண்டு, மேலே நின்ற பழுப்பைமட்டும் ஒரு குப்பியில் ஊற்றித் தந்தான். போன வருஷம் யாரோ அவனுக்குக் கொடுத்த வீட்டு ஒயின் குப்பி. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் முந்திரிப்பழத்தை, அதாவது திராட்சையை, சர்க்கரை போட்டு ஊறவைத்து ஒயின் செய்வது உண்டு. குப்பியை மூடி நன்றாக இறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை அலமாரியின் மேல்தட்டில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். அந்த அளவுக்காவது படித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை விடியக்காலை அவள் வந்தாள். விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளைப் பார்த்தபோது, போனில் பார்த்த முகத்துக்குக் கீழே ஒரு முழு ஆள் நடந்து வந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். கழுத்தில் கம்பளி. நான் பெட்டியை வாங்கினேன். அவள் என் முன்தலையைப் பார்த்து, "முடியெல்லாம் ஆவியாப் போச்சே" என்றாள். வழி நெடுக வானிலை பேசினோம். அங்கே குளிர், இங்கே வெயில். கல்யாணமான முதல் வாரம் மாதிரி இருந்தது, முதல் வாரத்தின் நல்ல பகுதிகள் இல்லாமல்.

போர்ச்சில் ஸ்கூட்டர் இல்லாததைப் பார்த்தாள்.

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன். நீ வாறியே, நல்லா இருக்கட்டும்னு."

"டெய்லி ஸ்டார்ட் பண்ணுற வண்டிக்கு என்ன சர்வீஸ்?"

நான் மீன் வாங்கப் போகவேண்டும் என்று சொல்லி வெளியே ஓடிவிட்டேன். அவள் மீன் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கடையில் இருந்து சாப்பிட வந்தபோது, அவள் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். கையில் அந்தக் குப்பி.

"ஒயின் போட்டிருக்கீங்களே, சொல்லவே இல்ல! நீங்களே செஞ்சதா?"

"எட்டி, அதத் திறக்காதே!"

அதற்குள் திறந்து மோந்துவிட்டாள். முகம் போன போக்கைச் சொல்ல என்னிடம் தமிழ் இல்லை. "அய்யே! என்னது இது? வார்னிஷா?"

வேறு வழியில்லை. சொன்னேன். அவள் அடித்துவிட்டுப் போன பெட்ரோல், ஓட்டாமல் வைத்தது, பெட்ஷீட், சனிக்கிழமை மோப்பு, கட்டன் சாயா, பிசின், எல்லாம். சொல்லச்சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்டூல்மேல் நின்றபடியே கேட்டாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டியளா... இது நான் அடிச்ச பெட்ரோல் இல்லியே."

"என்ன?"

"அண்ணைக்கு எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? பெட்டி கட்டணும், எடை பாக்கணும், உங்க ஊறுகாய் ஒழுகாம பொதியணும். அளியன் கையில சாவியக் குடுத்தேன். அவருதான் போயி நிரப்பிட்டு வந்தாரு. பார்டருக்குக்கூட போகல்ல. பாறசாலையிலேயே அடிச்சிட்டாரு."

அளியன் என்பது என் தங்கையின் கணவன். நல்ல மனிதன். தொண்ணூறு கிலோ. மூன்று வருஷமாக வாராவாரம் நான் கண்ணை மூடிக்கொண்டு மோந்து உருகியது அந்த மனிதனைத்தான்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நிற்கவில்லை. அது எப்போது சிரிப்பாக இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"வாரா வாரமா?" என்றாள்.

"சனிக்கிழமை."

குப்பியின் மூடியை இறுக்கித் தள்ளி வைத்தாள்.

"அங்க எனக்கு வண்டி கிடையாதுல்லா" என்றாள். "ஆஸ்பத்திரியில இருந்து ரூமுக்கு நேர் வழி ஒண்ணு உண்டு. இன்னொரு வழியில பெட்ரோல் பம்ப் உண்டு. அது சுத்து. சனிக்கிழமை டியூட்டி முடிஞ்சா அந்த வழியாக்கும் நடக்குறது. அங்க அவங்கவங்களே அடிச்சுக்கணும். குளிருல நிண்ணு யாராவது அடிக்குறத பாப்பேன். காத்து இந்தப் பக்கமா அடிச்சா கொஞ்சம் மணம் வரும். ஒருத்தன் எனக்கிட்ட, உதவி வேணுமான்னு கேட்டான். வண்டியே இல்லாதவளுக்கு என்ன உதவி செய்வான்?"

அடுப்பில் சோறு கரிந்த வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அன்று சாப்பிட்டது கொஞ்சம் சோறும் நிறையக் கார்பனும்.

சனிக்கிழமை காலையில் ஒர்க்ஷாப்காரன் போனை எடுக்கவில்லை. பத்துத் தடவை அடித்துவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். என் பைக்கில் போகலாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நெடுஞ்சாலையில் டுர்ர் என்று அவனே அந்த ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சாமானுக்காகத் திருவனந்தபுரம் போய், அங்கே கிடைக்காமல், யாரோ விற்றுப்போட்ட இன்னொரு பழைய வண்டியிலிருந்து கார்புரேட்டரையே கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருந்தான்.

"மெஷின்ல வச்சுப் பாருலே. மத்தவனுக்கெல்லாம் ஃபெயில் போடுதியே, உனக்க வண்டிக்கு என்ன போடுதேன்னு பாக்கட்டு."

குழாயைச் செருகினேன். எண்கள் ஓடின, ஏறின. கார்பன் மோனாக்சைடு காஞ்சிரங்குளத்து ஆட்டோவையே தோற்கடித்தது. ஃபெயில். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு குனிந்து ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சின்னத் திருகைப் பிடித்துத் திருகினான். காற்று கொஞ்சம் கூடியது. என்ஜின் சத்தம் இளகியது. மறுபடியும் பார்த்தேன். எண்கள் இறங்கி, இறங்கி, நின்றன. என் வாழ்க்கையில் எத்தனையோ சர்ட்டிபிகேட் பிரிண்ட் எடுத்திருக்கிறேன், மடித்துச் சட்டைப் பையில் நெஞ்சோரமாக வைத்தது அந்த ஒன்றைத்தான்.

சாயங்காலம் புறப்பட்டோம். அவள் முன்னால், நான் பின்னால். முதல் வளைவில் பழக்கம் விட்டுப்போனதால் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது, பிடித்துக்கொண்டேன். "லைசன்ஸ் இல்லியா மக்கா?" என்றாள் அவள், திரும்பாமலே. பாறசாலை நெரிசலில் அவள் ஹாரன் அடித்த விதத்தில் இங்கிலாந்து முழுசாகக் கழன்று விழுந்தது. இஞ்சிவிளை தாண்டியது. கடைப்பலகையில் எழுத்து மாறியது.

பம்பில் நிற்கிற அக்கா, "ஃபுல்லா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று வாயெடுப்பதற்குள் இவள், "வேண்டாம் அக்கா, கொஞ்சம் போட்டா மதி" என்றாள். மதி என்றால் எங்கள் பக்கம் போதும் என்று அர்த்தம். மூடியைத் திறந்தாள். குனிந்தாள். மோந்தாள். நான் பென்சீன் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சாயாக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியபோது சைலன்சர் முனையிலிருந்து ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இதென்ன, மூக்கொழுகுது?" என்றாள்.

என் வியாதி எழும்பிவிட்டது. "பெட்ரோலில் இருக்கிற ஹைட்ரஜன்தான் தண்ணியா வருது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. அதிகமும் ஆவியாப் போகும். உள்ள தங்கினது சைலன்சர் ஆறும்போது கொஞ்சம் இப்படிச் சொட்டும்."

"அப்ப நம்ம சனிக்கிழமை எல்லாம் தண்ணியா போச்சு?"

"பாதி தண்ணி. கார்பன் காத்துல உண்டு. எங்கயும் போகாது. இந்த ரப்பர் மரமெல்லாம் அதத்தான் எடுக்குது. ரப்பர் பாலும் ஹைட்ரோகார்பன்தான். வாழையும் எடுக்கும்."

அவள் கையிலிருந்த பழம்பொரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இதுக்குள்ள பழைய சனிக்கிழமை ஏதாவது இருக்கும்னு சொல்லுங்க."

"இருக்கலாம்."

"எண்ணெய்தான் இருக்குது" என்று சொல்லி, பாதியைப் பிய்த்து என் தட்டில் போட்டாள்.

நிரந்தரமாக எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் எப்போது அங்கே வருவீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. அங்கே வண்டிகள் புகையே விடாதாம், பாதி வண்டி மின்சாரத்தில் ஓடுகிறதாம். நான் போனால் குழாயை எங்கே செருகுவது? இரண்டு பேரும் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாயா குடித்தோம். ஒரு கட்டத்தில் சொட்டுவது நின்றது. சூடு ஆறியிருக்கும்.

லீவு தீர்ந்தது. இருந்த நாள் முழுக்க அவள் அந்த ஸ்கூட்டரை விடவில்லை. காஞ்சிரங்குளத்தில் அவள் அம்மா வீட்டுக்கு, கோட்டுகாலில் ஒரு கல்யாணத்துக்கு, காலையில் பால் வாங்க, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா. போகிற அன்று பெட்டியைக் காரில் ஏற்றியபிறகு சாவியை என் கையில் தந்தாள்.

"டேங்கில ஒண்ணும் இல்ல. ரிசர்வும் தீரப்போகுது. நான்தான் வேணும்னு ஓட்டித் தீர்த்தேன்" என்றாள். "மோந்து பாத்தா காத்துதான் வரும். அதனால இனி குப்பியில வைக்க ஒண்ணும் கிடையாது. சனிக்கிழமை நீங்களே போயி அடிக்கணும். கேட்டுதா?"

"கேட்டு."

"அளியனை அனுப்பக்கூடாது."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டேன். முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது எனக்கு என்னவோ போல இருந்தது, முதுகுப்பக்கம் காலியாக. இஞ்சிவிளை நெருங்கும்போது வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. சொன்னபடியே ஒரு சொட்டு இல்லை. இறங்கித் தள்ளினேன். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன புகை சர்ட்டிபிகேட்காரன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போன் அடித்தது. வீடியோ. அவள் தெருவில் நடந்துகொண்டிருந்தாள், மூக்குவரை கம்பளி. பின்னால் ஒரு பெட்ரோல் பம்ப்.

"எங்க நிக்கிறீங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

போனைத் திருப்பி ஸ்கூட்டரைக் காட்டினேன். அந்தக் குளிர்த் தெருவில் அவள் நின்று சிரித்தது இங்கே இஞ்சிவிளை வரை கேட்டது. இணைப்பைத் துண்டிக்காமல் போனை முன்கூடையில் சாய்த்து வைத்து, பேசிக்கொண்டே தள்ளினேன்.

பம்ப் அக்கா வியர்வையோடு வந்த என்னையும், பின்சீட்டையும், கூடையில் இருந்த போனையும் பார்த்தாள்.

"ஃபுல்லா?"

"வேண்டாம் அக்கா. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் மதி."

மூடியைத் திறந்தேன். குனிந்து ஒரு தடவை மோந்தேன். போனுக்குள்ளிருந்து அவள், "பென்சீன், பென்சீன்" என்று கத்தினாள். சுருக்கென்று ஏறியது, புதுசாக. அக்கா அடித்து முடித்ததும் மூடியைச் சட்டென்று மூடினேன்.